சுவீடன் பணியிடக் கொள்கையை ஆங்கிலத்தில் தரும்போது அகராதி ஏன் போதாது?

உங்கள் கேள்வி இது: தலைமையகம் சுவீடனிலும் கிளைகள் பிரிட்டனிலும் இந்தியாவிலும் உள்ள ஒரு நிறுவனத்தின் பணியிடக் கொள்கை ஆவணங்களை சுவீடிஷ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுகிறீர்கள். ஒரே சொல்லுக்கு அகராதி நான்கு சொற்களைக் காட்டுகிறது. அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் ஆளுக்கொரு சொல்லைப் பயன்படுத்துகின்றன. எதை நம்புவது?

அகராதியை நம்பாதீர்கள், முதலில் சட்டத்தைத் திறந்து பாருங்கள். சுவீடனின் கொள்கை ஆவணம் பார்வைக்கு மிக எளிமையானது. சின்னச் சின்ன வாக்கியங்களில் நட்பான தொனியில், ஊழியரை ‘நீ’ என்று அழைத்துப் பேசும். அந்த எளிமையில் மயங்கிவிடக் கூடாது. அதில் வரும் முக்கியச் சொற்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு சட்டப் பிரிவிலிருந்து எடுத்தவை. 1976ஆம் ஆண்டின் கூட்டு முடிவுச் சட்டம், 1977இன் பணிச்சூழல் சட்டம், 1982இன் வேலைப் பாதுகாப்புச் சட்டம், 2008இன் பாகுபாட்டுத் தடைச் சட்டம், இவற்றோடு பணிச்சூழல் ஆணையம் வெளியிடும் ‘ஏ.எஃப்.எஸ்.’ விதித் தொகுப்புகள் ஆகியவையே அந்த ஊற்றுகள். ஒரு சொல் எந்தச் சட்டத்திலிருந்து வந்தது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு, படிப்பவரின் நாட்டுச் சட்டத்தில் ஏற்கெனவே வேறொரு பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த இரண்டாவது சோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ‘க்ரெங்கண்டெ சேர்பெஹாண்ட்லிங்’ என்ற தொடரைவிட நல்ல சான்று இல்லை. உங்கள் ஆவணத்தில் இது கட்டாயம் இருக்கும். ஒருவரைத் தனியே பிரித்து இழிவாக நடத்துவது என்று தமிழில் சொல்லலாம். பணிச்சூழல் விதிகள் இதற்குத் தரும் வரையறை தெளிவானது: ஒரு ஊழியரையோ பல ஊழியர்களையோ நோக்கி இழிவுபடுத்தும் வகையில் செய்யப்படும் செயல்கள், அவை உடல்நலக் கேட்டுக்கு இட்டுச்செல்லக் கூடும், அல்லது அவர்களைப் பணியிடச் சமூகத்துக்கு வெளியே தள்ளக் கூடும். கூட்டத்துக்கு அழைக்காமல் விடுவது, தகவலை மறைப்பது, பேச்சை நிறுத்திக்கொள்வது எல்லாம் இதற்குள் வந்துவிடும். சுவீடன் 1993லேயே இதற்குத் தனி விதி கொண்டுவந்தது. பணியிடக் கொடுமையை முறையாக ஆராய்ந்த ஹைன்ஸ் லேமான் அங்குதான் வேலை செய்தார். எனவே இந்தத் தொடருக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

அந்த 1993 விதிக்கு அதிகாரப்பூர்வ ஆங்கிலத் தலைப்பில் வைக்கப்பட்ட சொல் ‘விக்டிமைசேஷன்’. அதைப் பார்த்துப் பல நிறுவனங்கள் இன்றும் அப்படியே எழுதுகின்றன. சுவீடனில் உட்கார்ந்து படிப்பவருக்கு இதனால் தொல்லை இல்லை. பிரிட்டன் கிளையின் மனிதவள மேலாளர் படிக்கும்போது நிலைமை மாறுகிறது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், 27ஆம் பிரிவில், இதே சொல்லை முற்றிலும் வேறான ஒன்றுக்குப் பயன்படுத்துகிறது. பாகுபாடு பற்றிப் புகார் கொடுத்ததற்காகவோ, அப்படிப் புகார் கொடுத்தவருக்குச் சாட்சி சொன்னதற்காகவோ ஒருவருக்குத் தீங்கு செய்வதுதான் அங்கே ‘விக்டிமைசேஷன்’. நம் மொழியில் சொன்னால் பழிவாங்கல். சுவீடன் சட்டத்திலும் பழிவாங்கலுக்குத் தடை உண்டு, ஆனால் அதன் பெயர் ‘ரெப்ரெஸாலியெர்’. உங்கள் ஆவணத்தில் இவ்விரண்டு சொற்களும் அடுத்தடுத்த பத்திகளில் வரக்கூடும். முதலாவதை ‘விக்டிமைசேஷன்’ என்று எழுதிவிட்டால், லண்டனில் ஒதுக்கிவைக்கப்பட்ட ஊழியர் ஒருவர், ‘நான் இதுவரை யார் மீதும் புகார் கொடுக்கவில்லையே, இந்தப் பத்தி எனக்கு உரியதல்ல’ என்று நினைத்து அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார். அவரைக் காப்பதற்காகவே எழுதிய பத்தி அது.

சரி, ‘புல்லியிங்’ என்று எழுதலாமா? எல்லோருக்கும் புரியும் என்பது உண்மைதான். ஆனால் பல நாடுகளில் இந்தச் சொல்லைக் கேட்டதும், திரும்பத் திரும்ப நடப்பது என்ற எண்ணமும் கூடவே வருகிறது. 1993 விதியின் வரையறையில் ‘மீண்டும் மீண்டும் நிகழும்’ என்ற அடை இருந்தது. 2015இல் வந்த ஏ.எஃப்.எஸ். 2015:4 வரையறையில் அது இல்லை. பழைய ஆங்கிலக் கோப்பிலிருந்து வரையறையை வெட்டி ஒட்டுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நீக்கப்பட்ட ஒரு நிபந்தனையை, ஊழியருக்குப் பாதகமாக, மொழிபெயர்ப்பாளரே திரும்பச் சேர்த்துவிடுகிறார்.

பல்கலைக்கழக ஆவணங்களில் இதே தொடருக்குப் பெயர்ப்பாக, பாகுபாடு என்ற பொருள் தரும் ‘டிஸ்கிரிமினேஷன்’ சேர்த்த தொடர்களையும் பார்க்கலாம். அவற்றைத் தொடவே வேண்டாம். சுவீடனில் பாகுபாடு என்பது 2008ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியது. பாலினம், பால் கடந்த அடையாளம் அல்லது வெளிப்பாடு, இனம், மதம் அல்லது பிற நம்பிக்கை, மாற்றுத்திறன், பாலியல் நாட்டம், வயது என்ற ஏழு அடிப்படைகளில் ஒன்றோடு பிணைந்தது. அதே சட்டத்தில் துன்புறுத்தலைக் குறிக்க வரும் ‘ட்ராகாஸெரீயெர்’ என்ற சொல்லுக்கும் அந்தப் பிணைப்பு உண்டு. அதற்கு ‘ஹராஸ்மென்ட்’ பொருத்தமான சொல், பிரிட்டன் சட்டத்திலும் அப்படித்தான். ஆகவே ‘ஹராஸ்மென்ட்’ என்பதை ட்ராகாஸெரீயெருக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள், நாம் பேசும் இந்தத் தொடருக்குக் கடன் கொடுக்காதீர்கள். நம்மைக் காரணமில்லாமல் வெறுக்கும் ஒரு மேலாளரின் செயலுக்கு ஏழு அடிப்படைகளில் எதுவும் தேவையில்லை.

என் தேர்வு இது. சட்டத்தையோ விதியையோ நேரடியாக மேற்கோள் காட்டும் இடத்தில் அதிகாரப்பூர்வ சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், பிரிட்டன் சட்டத்தின் பொருளில் அல்ல என்று அங்கேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மற்ற எல்லா இடங்களிலும் ‘டிமீனிங் ஆர் எக்ஸ்க்ளூடிங் ட்ரீட்மென்ட்’ போன்ற, எந்த நாட்டுச் சட்டமும் இன்னும் சொந்தம் கொண்டாடாத ஒரு விளக்கத் தொடரை எடுத்துக்கொண்டு, முதல்முறை வரும்போது சுவீடிஷ் மூலத்தை அடைப்புக்குறிக்குள் தந்து, வரையறையை முழுதாக எழுதுங்கள். நீளமாகத்தான் இருக்கும். அதற்காகச் சுருக்காதீர்கள்.

பாலியல் துன்புறுத்தல் குறித்த பத்தியில் சொல் சிக்கல் இல்லை. ஆனால் இந்தியக் கிளையில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களைப் பாதுகாக்க வந்தது. சுவீடன் சட்டம் எந்தப் பாலினத்தவருக்கும் பொருந்தும். மூலத்தில் பால் சுட்டாத இடத்தில் ஆங்கிலத்திலும் சுட்டாதீர்கள்.

அடுத்து ‘ஷ்யுட்ஸ்ஓம்பூட்’. இதை ‘சேஃப்டி ஆபீசர்’ என்று எழுதியதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இந்தியத் தொழிற்சாலைகளில் சேஃப்டி ஆபீசர் என்றால் நிர்வாகம் நியமித்துச் சம்பளம் கொடுக்கும் அலுவலர். ஷ்யுட்ஸ்ஓம்பூட் அதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்பவர். ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் இவர் இருக்க வேண்டும். முதலாளியோடு கூட்டு ஒப்பந்தம் உள்ள தொழிற்சங்கம் இவரை நியமிக்கிறது. சங்கம் இல்லாவிட்டால் ஊழியர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருந்து, முதலாளியிடம் சொல்லியும் தீர்வு கிடைக்கவில்லை என்றால், பணிச்சூழல் ஆணையம் முடிவெடுக்கும்வரை வேலையை நிறுத்திவைக்க இவரால் முடியும். அப்படி நிறுத்தியதால் ஏற்படும் இழப்புக்கு இவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. ‘சேஃப்டி ரெப்ரசென்டேட்டிவ்’ என்பதே நிலைபெற்ற பெயர்ப்பு, அதையே எழுதுங்கள். பிரிட்டனிலும் இதே பெயரில் சங்கப் பிரதிநிதிகள் உண்டு, ஆனால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆகவே அந்த அதிகாரத்தைப் பற்றிய வாக்கியத்தைச் சுருக்கிவிடாதீர்கள். சில சங்கங்கள் இவரையே ‘ஆர்பேட்ஸ்மில்யோஓம்பூட்’ என்று அழைப்பதும் உண்டு. ஒரே ஆவணத்தில் இரு பெயர்களும் வந்தால் இருவர் என்று நினைத்து இரண்டு ஆங்கிலச் சொற்களை எடுக்க வேண்டாம், வாடிக்கையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

‘மேட்பெஸ்டெம்மாண்டெ’ இன்னொரு கண்ணி. சொல்லைப் பிரித்தால் ‘உடன் முடிவெடுத்தல்’. 1976இன் கூட்டு முடிவுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘கோ-டிடர்மினேஷன்’ என்றே இருக்கிறது. பெயரை அப்படியே விடுங்கள். ஆனால் உடற்பகுதியில் அந்தச் சொல்லைத் தூவினால், ஜெர்மனி தெரிந்த வாசகர், சங்கம் ஒப்புக்கொள்ளாமல் நிர்வாகம் எதுவும் செய்ய முடியாது என்று எண்ணிக்கொள்வார். சுவீடன் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்வது வேறு. முக்கியமான மாற்றம் செய்வதற்கு முன்பே முதலாளி தானாக முன்வந்து சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். உள்ளூரில் உடன்பாடு வராவிட்டால், தன் மத்திய அமைப்போடு பேச்சுவார்த்தை நடத்தும்படி சங்கம் கோரலாம். அங்கும் வராவிட்டால் முடிவு முதலாளியுடையது. அதனால் ‘நெகோஷியேட்’ என்ற வினை சரியாகப் பொருந்துகிறது. ‘கன்சல்ட்’ என்று எழுதினால் கடமை இளைத்துவிடும்.

இதன் அருகில் வரும் ‘சாம்வெர்கான்’ பொதுவழக்கில் வெறும் ஒத்துழைப்புதான். நகராட்சிகளிலும் அரசு அலுவலகங்களிலும் அது பெரும்பாலும் ஒரு முறையான ஏற்பாடு: தனி ஒப்பந்தம், தனிக் குழு, கூட்டக் குறிப்பு எல்லாம் உண்டு, மேலே சொன்ன பேச்சுவார்த்தைக் கடமையை இந்தக் குழுவிலேயே நிறைவேற்றிக்கொள்வார்கள். பெரிய தனியார் நிறுவனங்கள் சிலவும் அந்த வழக்கைப் பின்பற்றுகின்றன. ‘கோஆப்பரேஷன்’ என்று எழுதினால், எல்லோரும் நல்லபடி பழகுங்கள் என்ற அறிவுரையாக அது சுருங்கிப்போகும். ஆவணத்தில் குழுவோ ஒப்பந்தமோ குறிப்பிடப்பட்டிருந்தால், சுவீடிஷ் சொல்லை வைத்து, பக்கத்தில் விளக்கம் தருவதே நேர்மையான வழி.

வேலை ஒப்பந்தச் சொற்களில் ‘டில்ஸ்வீதாரெ’ என்று வருவதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மறு அறிவிப்பு வரும் வரை’. ஆங்கிலத்தில் அப்படி எழுதினால் தற்காலிக வேலை போல ஒலிக்கும். உண்மையில் வேலைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதுவே இயல்பான, நிலையான வேலை. ஊழியர் கையேட்டில் ‘பெர்மனென்ட்’ போதும். ஒப்பந்தத்தில் ‘இன்டெஃபினிட் டெர்ம்’ எழுதுங்கள்.

‘ஆர்பேட்ஸ்ப்ரிஸ்ட்’ என்றால் நேர்ப்பொருளில் வேலைப் பற்றாக்குறை. ஆனால் சுவீடன் சட்டத்தில் இது மிக அகலமான கூடை. ஊழியரின் தனிப்பட்ட நடத்தையோ செயல்திறனோ காரணமாகாத பணிநீக்கம் எல்லாம், நிறுவனத்தைச் சீரமைப்பதோ செலவைக் குறைப்பதோ உட்பட, இதில் விழும். செய்ய வேலை இருந்தாலும் சட்டப்படி ஆர்பேட்ஸ்ப்ரிஸ்ட் இருக்கலாம். ஆகவே பிரிட்டன் வாசகருக்கு ‘ரிடண்டன்சி’தான் அருகில் வரும் சொல். அதோடு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பிரிட்டனில் அந்தச் சொல்லைக் கேட்டதும், இரண்டு ஆண்டு பணி முடித்தவருக்குச் சட்டப்படி கிடைக்கும் இழப்பீடு நினைவுக்கு வரும். சுவீடன் சட்டத்தில் அப்படி ஒரு இழப்பீடு இல்லை; அந்த இடத்தைக் கூட்டு ஒப்பந்தங்களின் வழியாகக் கிடைக்கும் உதவிகள் நிரப்புகின்றன. ‘பெர்மிட்டேரிங்’ என்பது ஊழியரை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்திவைப்பது. இந்தியத் தொழில் சட்ட மரபில் அதற்கு அருகில் வருவது ‘லே-ஆஃப்’. அமெரிக்கர்கள் அதே சொல்லை வேலையிலிருந்து அனுப்புவதற்கே சொல்கிறார்கள் என்பதால், பல நாட்டினர் படிக்கும் ஆவணத்தில் ‘டெம்பரரி’ என்ற அடையோடு மட்டும் எழுதுங்கள்.

பணம் தொடர்பான சொற்களில் பிழை நேர்ந்தால் ஊழியர் தவறான கதவைத் தட்டுவார், அதனால் இங்கே கூடுதல் கவனம் தேவை. ‘ஷூக்லேன்’ என்பது நோயின் முதல் 14 நாட்களுக்கு முதலாளி தருவது. அதன் பின்னும் நோய் தொடர்ந்தால் சமூகக் காப்பீட்டு நிறுவனமான ஃபோர்சேக்ரிங்ஸ்காஸன் தருவது ‘ஷூக்பென்னிங்’. இரண்டையும் ‘சிக் பே’ என்று எழுதிவிட்டால் பதினைந்தாம் நாள் ஊழியர் விண்ணப்பிக்கத் தவறுவார். முன்னதை ‘சிக் பே’ என்றும் பின்னதை ‘சிக்னஸ் பெனிஃபிட்’ என்றும் பிரித்துவிடுங்கள். பெற்றோர் விடுப்பிலும் இதே பிரிவினை உண்டு: ‘லேடிக்ஹேட்’ என்று முடிந்தால் முதலாளி தரும் விடுப்பு, ‘பென்னிங்’ என்று முடிந்தால் காப்பீடு தரும் பணம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருப்பதை எல்லோரும் ‘வாப்’ என்கிறார்கள். அந்தப் பணத்துக்கு அதிகாரப்பூர்வ ஆங்கிலம் ‘டெம்பரரி பேரன்டல் பெனிஃபிட்’. கையேட்டில் அதைத் தனியே எழுதினால் யாருக்கும் புரியாது. நோயுற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் விடுப்பு என்று முதலில் சொல்லிவிட்டு அந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘காரென்ஸ்தாக்’ என்ற காத்திருப்பு நாள் 2019 ஜனவரி முதல் இல்லை. அதன் இடத்தில் ஒரு வாரச் சராசரி நோய்க்காலச் சம்பளத்தில் 20 சதவீதக் கழிவு வந்திருக்கிறது. பழைய ஆங்கிலப் பதிப்பில் ‘வெயிட்டிங் டே’ என்று பார்த்தால் நகலெடுக்காதீர்கள்.

ஒலி ஒற்றுமையால் ஏமாற்றும் சொற்கள் உங்களுக்குத் தெரிந்தே இருக்கும்: ‘ஷேஃப்’ சமையல்காரர் அல்ல, மேலாளர், ‘செமெஸ்டர்’ படிப்புப் பருவம் அல்ல, ஆண்டு விடுமுறை, ‘பெர்மிஷூன்’ அனுமதி அல்ல, சம்பளத்தோடு கூடிய குறுகிய விடுப்பு. இவற்றைவிடச் சத்தமில்லாமல் ஏமாற்றுவது ‘ருட்டீன்’. ‘இதற்கான ருட்டீன்கள் இருக்க வேண்டும்’ என்று விதி சொல்லும்போது, யாரிடம் சொல்வது, அவர் என்ன செய்வார், பாதிக்கப்பட்டவருக்கு உதவி எங்கே கிடைக்கும் என்று வரையறுத்த நடைமுறையை அது கேட்கிறது. ஆங்கிலத்தில் ‘ப்ரொசீஜர்’ என்றுதான் எழுத வேண்டும். ‘டில்பூட்’ என்பது விபத்து ஆகியிருக்கக்கூடிய, ஆனால் ஆகாமல் போன நிகழ்வு. ‘இன்சிடென்ட்’ என்று ஆணையம் எழுதினாலும், கொள்கையில் ‘நியர் மிஸ்’ சேர்த்தால் தொழிற்சாலைத் தளத்தில் உள்ளவருக்கு உடனே புரியும்.

சொற்களோடு வினைமுற்றுகளையும் பாருங்கள். ‘ஸ்கா’ வந்தால் கட்டாயம், ‘மஸ்ட்’ எழுதுங்கள். ‘பெர்’ வந்தால் பரிந்துரை, ‘ஷுட்’ போதும். சிக்கல் வருவது நிகழ்கால வாக்கியங்களில். சுவீடிஷ் கொள்கைகள், ‘மேலாளர் உடனே விசாரிக்கிறார்’ என்று சாதாரண நிகழ்காலத்தில் எழுதிக் கடமையைச் சுட்டும். ஆங்கிலத்தில் அப்படியே விட்டால் நடப்பதை வர்ணிப்பது போல இருக்கும். அது கடமையா என்று மூலச் சட்டத்தில் உறுதி செய்துகொண்டு ‘மஸ்ட்’ சேர்த்துவிடுங்கள். சட்டத்தில் இல்லாவிட்டால் வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு மொழிபெயர்ப்பாளர் தானாக ஒரு கடமையை உருவாக்கவும் கூடாது, இருப்பதைக் கரைத்துவிடவும் கூடாது.

பணிச்சூழலைக் குறிக்கும் ‘ஆர்பேட்ஸ்மில்யோ’ என்பதை ‘ஹெல்த் அண்ட் சேஃப்டி’ என்று மாற்றத் தோன்றும். பணிச்சுமை, வேலைநேரம், சக ஊழியர் உறவு எல்லாவற்றையும் பணிச்சூழல் சட்டம் அணைத்துக்கொள்கிறது; தலைக்கவசமும் தீயணைப்பானும் மட்டும் அல்ல. ‘வொர்க் என்விரான்மென்ட்’ என்றே வைத்திருங்கள். அதனோடு வேலை என்ற பொருள் தரும் ‘ஆர்பேட்டெ’ ஒட்டி வரும் நீண்ட கூட்டுச் சொல்லுக்கு ‘வொர்க்’ என்று இரண்டாவது முறை எழுதாமல் ‘மேனேஜ்மென்ட்’ எழுதுங்கள். ஆணையமும் அப்படித்தான் செய்கிறது. ‘யெம்ஸ்டெல்ட்ஹேட்’ ஆண் பெண் சமத்துவம், ‘யெம்லீக்ஹேட்’ எல்லோருக்குமான சமத்துவம். ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘ஜெண்டர்’ சேர்க்க மறந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

தேட வேண்டிய இடங்கள்: பணிச்சூழல் ஆணையமும் சமத்துவக் கண்காணிப்பாளர் அலுவலகமும் தம் தளங்களில் ஆங்கிலப் பக்கங்கள் வைத்திருக்கின்றன. சுவீடன் அரசு முக்கியச் சட்டங்களின் ஆங்கில வடிவங்களை வெளியிடுகிறது. அவை தகவலுக்காகத்தான், சுவீடிஷ் மூலமே செல்லும். அமைப்புகள், பதவிகள் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களுக்கு வெளியுறவு அமைச்சகம் தொகுத்த ‘உட்ரீகெஸ் நாம்ன்பூக்’ உண்டு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் வழியாக வந்த சொற்களுக்கு யூர்-லெக்ஸ் தளத்தில் இரு மொழிப் பாடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். சுவீடன் 1995இல் சேர்ந்ததால் சுவீடிஷ் பாடங்கள் தாராளமாகக் கிடைக்கும். இவை ஒன்றோடொன்று முரண்பட்டால், நீங்கள் பெயர்க்கும் பத்தி எந்தச் சட்டத்தைச் சேர்ந்ததோ அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் துறையின் சொல்லுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் ஆவணத்தின் தேதியைக் கேளுங்கள். பணிச்சூழல் ஆணையம் தன் விதிகளை முழுவதுமாக மாற்றி அடுக்கியிருக்கிறது, புதிய தொகுப்புகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஏ.எஃப்.எஸ். 2001:1, ஏ.எஃப்.எஸ். 2015:4 ஆகியவற்றில் இருந்தவை ஏ.எஃப்.எஸ். 2023:1, 2023:2 ஆகியவற்றுக்குப் போய்விட்டன. வேலைப் பாதுகாப்புச் சட்டத்திலும் 2022 அக்டோபரில் பணிநீக்கக் காரணத்தைச் சுட்டும் சொல் ‘ஸாக்லிக் க்ருண்ட்’ என்பதிலிருந்து ‘ஸாக்லிகா ஷேல்’ என்று மாறியது. உங்களிடம் வந்திருக்கும் மூலம் பழைய எண்களையோ பழைய சொல்லையோ தாங்கியிருந்தால், திருத்திப் பெயர்க்காதீர்கள். ஓரக் குறிப்பில் சுட்டிக்காட்டி, எந்தப் பதிப்பைப் பெயர்க்க வேண்டும் என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்ட பிறகு முதல் பத்தியைத் தொடங்குங்கள்.